மரத்தில் காய், பெட்டியில் சரக்கு

பொள்ளாச்சியிலிருந்து அம்பராம்பாளையம் வழியாகக் கொல்லங்கோட்டுக்குப் போகிற சாலை, கோவிந்தாபுரத்தில் மாநிலம் மாறுகிறது. பெயர்ப்பலகையில் எழுத்து மாறும். பேருந்தின் நிறம் மாறும். பேச்சு மட்டும் அவ்வளவு சீக்கிரம் மாறாது. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், முதலமடை ஊராட்சியில், தலைமுறைகளாகத் தமிழ் பேசி வாழும் குடும்பங்கள் ஏராளம். அங்கே எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே பொருளில், ஏறக்குறைய ஒரே ஒலியில் புழங்கும் ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சரக்கு.

தமிழில் முதலெழுத்தை மென்மையாகச் சொல்கிறோம்; மலையாளத்தில் அதே எழுத்து வல்லொலியாக வரும். கன்னடத்திலும் தெலுங்கிலும் இதே சொல் ஒற்றைக் ககரத்தோடு வழங்குகிறது. நான்கு தென்மொழிகளும் வாணிகத்துக்குப் பொதுவாக வைத்திருக்கும் சொற்களில் இது ஒன்று. இருந்தும் இன்று படித்தவர்கள் இதைச் சொல்லக் கொஞ்சம் தயங்குகிறார்கள். காரணம் தெரிந்ததுதான்; பின்னால் சொல்கிறேன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். முதலமடையைக் கேரளத்தின் மாங்கனி நகரம் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட காற்றும் வெயிலும் சேர்ந்து அந்தப் பகுதி மாமரங்களைச் சீக்கிரம் பூக்க வைக்கின்றன. நாட்டின் மற்ற மாந்தோப்புகளில் பிஞ்சு பிடிக்கும் நாட்களிலேயே இங்கே அறுவடை தொடங்கிவிடும். அல்போன்சா, பங்கனப்பள்ளி, செந்தூரம், காலாப்பாடி, நீலம் என்று வகைகள் பல. டெல்லிக்கும் மும்பைக்கும் முதல் மாம்பழம் அனுப்புகிற ஊர்களில் இது முக்கியமானது. முந்தி வருவதால் விலையும் முந்தி நிற்கும். சமீப ஆண்டுகளில் இலைப்பேன் தாக்குதலும் காலந்தவறிய மழையும் விளைச்சலைக் கடுமையாகக் குறைத்திருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த ஊர்த் தோப்புகளில் சொல் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். மரத்தில் தொங்கும்வரை அது காய். 'இந்த வருசம் காய் எப்படி?' என்றுதான் கேட்பார்கள். பறித்து, தரம் பிரித்து, பெட்டியில் அடுக்கி முடித்ததும் அதன் பெயர் மாறிவிடும். 'சரக்கு எப்போ கிளம்புச்சு?', 'சரக்கு போய்ச் சேர்ந்துச்சா?', 'சரக்கு அடிபட்டிருக்கு' என்று கைபேசியில் பேசிக்கொள்வார்கள். ஏழெட்டு நாள் கழித்து டெல்லியில் ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அதே பொருள் பழம் ஆகிறது. காயும் பழமும் இயற்கை தந்த நிலைகள். இடையிலுள்ள சரக்கு என்பது மனிதர்கள் தந்த நிலை. விற்பதற்காக ஒருவர் கையில் இருக்கும் நேரத்துக்கு மட்டுமே அந்தப் பெயர் பொருந்தும்.

கணக்கியல் இதையேதான் சொல்கிறது. இந்தியப் பட்டயக் கணக்கர் கழகம் வகுத்த இரண்டாவது கணக்கியல் தரம், சரக்கிருப்பு எது என்பதை மூன்று வகையாகப் பிரிக்கிறது: வழக்கமான தொழிலில் விற்பதற்காக வைத்திருப்பவை, விற்பதற்காக உருவாகிக்கொண்டிருப்பவை, அந்த உருவாக்கத்தில் செலவாகப்போகும் மூலப்பொருட்கள். அளவோ எடையோ நிறமோ இந்த வரையறையில் இல்லை. எதற்காக வைத்திருக்கிறாய் என்ற ஒரு கேள்வி மட்டும்தான். நாற்காலிக் கடையில் அடுக்கி வைத்த நாற்காலி சரக்கு. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் முதலாளி உட்கார்ந்திருக்கும் நாற்காலி சொத்து. ஒரே தச்சர் ஒரே மரத்தில் செய்ததாக இருந்தாலும் கணக்கில் இரண்டும் வேறு வேறு இடத்தில்தான் உட்காரும். மாந்தோப்பிலும் அப்படியே. ஆண்டுக்கணக்கில் நின்று காய்க்கும் மரம் நிலைச்சொத்து. அது தரும் காய் சரக்கு.

பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் மாணவர்கள் தடுமாறும் ஓர் இடம் உண்டு. இரட்டைப் பதிவு முறையில் 'சரக்குக் கணக்கு' என்று ஒரு பேரேட்டுக் கணக்கு கிடையாது. ரொக்கத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது, அறைகலனுக்கு இருக்கிறது, சரக்குக்கு மட்டும் ஏன் இல்லை? சரக்கு ஓரிடத்தில் நிற்காத பொருள் என்பதால்தான். உள்ளே வந்தால் அது கொள்முதல் கணக்கு, வெளியே போனால் விற்பனைக் கணக்கு, வாங்கியதைத் திருப்பி அனுப்பினால் கொள்முதல் திருப்பம், விற்றது திரும்பி வந்தால் விற்பனைத் திருப்பம், முதலாளி வீட்டுக்கு எடுத்துப் போனால் எடுப்புகள். ஆண்டின் கடைசி நாளில் கிடங்கில் மிஞ்சி நிற்பது மட்டும் இறுதிச் சரக்கிருப்பு என்று தன் சொந்தப் பெயரில் ஏறும். மறுநாள் அதுவே தொடக்கச் சரக்கிருப்பு.

தூக்குக்கூலிக்கும் இதே கதைதான். தோப்பிலிருந்து வாங்கி வரும் வியாபாரி கொடுக்கும் சுமைகூலி உள்தூக்குக்கூலி. அது வியாபாரக் கணக்கில் சேர்ந்து சரக்கின் அடக்க விலையை ஏற்றும். விற்ற சரக்கை டெல்லிக்கு அனுப்பக் கொடுக்கும் கூலி வெளித்தூக்குக்கூலி. அது இலாப நட்டக் கணக்குக்குப் போகும். ஒரே தோள், ஒரே பெட்டி, ஒரே கூலி. சரக்கு எந்தத் திசையில் நகர்கிறது என்பதை வைத்துக் கணக்கு பிரிகிறது. பாடநூலில் வறண்டு கிடக்கும் இந்த இரண்டு சொற்களும் முதலமடைப் பெட்டிக் கொட்டகைகளில் அன்றாட வாழ்க்கை.

இனி, மாங்காய் சரக்காகும் அந்தக் கணம். பெட்டியில் அடுக்கியதும் என்று மேலே சொன்னேன். பேச்சுவழக்கில் அது சரி. சட்டம் இன்னும் முன்னால் போகிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், நிலத்தோடு ஒட்டி நிற்கும் பயிரும் புல்லும்கூட, வெட்டி எடுத்துத் தருவதாக ஒப்பந்தம் ஆகிவிட்டால் சரக்குதான் என்கிறது. 2017இன் மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டமும் ஏறக்குறைய அதே சொற்களைத் திரும்பச் சொல்கிறது. முதலமடைத் தோப்புகளில் பெரும்பாலும் வியாபாரிகள் முன்கூட்டியே குத்தகை பேசிவிடுவார்கள். பூவைப் பார்த்துப் பேசும் பேரங்களும் உண்டு. ஆக, கிளையில் ஆடிக்கொண்டிருக்கும்போதே, பறிக்கலாம் என்று கைகுலுக்கிய அன்றே, சட்டத்தின் கண்ணில் அந்தக் காய் சரக்காகிவிடுகிறது. பூவாக இருக்கும்போதே பேசினால் அதை எதிர்காலச் சரக்கு என்று சட்டம் பெயரிட்டு வைத்திருக்கிறது. அந்த எதிர்காலம் ஒரு கோடை மழையில் உதிர்ந்துபோனால் நட்டம் யாருக்கு என்பதைப் பேரத்தின்போதே பேசி முடிக்காததால் வந்த சண்டைகளுக்கு மாந்தோப்பு ஊர்களில் பஞ்சமில்லை.

சொல்லின் வயதுக்கு வருவோம். சங்க நூல்கள் வாணிகத்தைப் பேசும்போது பண்டம், கூலம், பொதி, சாத்து என்ற சொற்களைப் புழங்குகின்றன. புகார்த் துறையில் மூட்டைகள் குவிந்து, அவற்றின்மேல் சோழனின் புலி முத்திரை விழுந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. மிளகுப் பொதி சுமந்த கழுதைகள் சுங்கம் வாங்கும் பெருவழியில் போவதைப் பெரும்பாணாற்றுப்படையில் பார்க்கலாம். மலையிலிருந்து மிளகு கீழிறங்கி வரும் வழிகளில் பாலக்காட்டுக் கணவாய் பெரியது. அந்த வழியில் கோவைக்கு அருகே இராசகேசரிப் பெருவழி என்று பெயர் பொறித்த சோழர்காலக் கல்வெட்டு இன்றும் நிற்கிறது. பொள்ளாச்சி வட்டாரத்தில் ரோமானியக் காசுகளும் கிடைத்திருக்கின்றன.

'சரக்கு' என்ற சொல்லை நான் மிகவும் ரசித்துப் படித்த பழைய இடம் சந்தையில் இல்லை, தேவாரத்தில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் அப்பர் எனப்படும் திருநாவுக்கரசர் பாடிய நான்காம் திருமுறையில் 'சரக்கறைத் திருவிருத்தம்' என்றே ஒரு பதிகம். சரக்கறை என்றால் பண்டங்களை வைக்கும் அறை, கிடங்கு. சிவனிடம் அப்பர் கேட்கிறார்: உன் காளை, மழுப்படை, பூதகணம், புலித்தோல் ஆடை, தலைமாலை, பிறை தங்கும் சடை, இத்தனையும் வந்து இருக்கும் சரக்கறையா என் நெஞ்சம்? பாட்டுக்குப் பாட்டு ஒரு புதுப் பட்டியல், ஒவ்வொன்றின் முடிவிலும் அதே கேள்வி. கிடங்குக்காரர் ஆண்டு முடிவில் எடுக்கும் இருப்புப் பட்டியல் போலவே, ஒரு பொருள் விடாமல், எண்ணி எண்ணி அடுக்குகிறார். உழவாரத்தைத் தோளில் சுமந்த ஒருவருக்கு இந்த உவமை எளிதாக வந்திருக்கிறது. அந்தச் சொல்லில் அன்று இழுக்கு எதுவும் இல்லை. பத்திரமாகப் பூட்டி வைக்கத் தக்க மதிப்புள்ளது என்பதுதான் அதன் தொனி.

அந்த மதிப்புப் பொருள் இன்றும் பேச்சில் உயிரோடு இருக்கிறது. 'அவர்கிட்ட சரக்கு இருக்கு' என்றால் அறிவு உண்டு, திறமை உண்டு என்று பொருள். செட்டியார் முறுக்கா சரக்கு முறுக்கா என்று ஊரில் கேட்பதும் இதையொட்டித்தான். விலை ஏறியது பொருளின் தரத்தாலா, விற்பவரின் சாமர்த்தியத்தாலா? மேலாண்மைப் படிப்பில் சந்தைப்படுத்தலுக்கு இரண்டு பருவம் ஒதுக்குகிறார்கள். பழமொழி நான்கு சொல்லில் கேட்டுவிட்டது.

மருந்துப் பக்கமும் சொல் கிளை விட்டது. போகர் பெயரில் வழங்கும் நூல்களில் ஒன்றுக்குச் 'சரக்கு வைப்பு' என்றே பெயர். நாட்டு மருந்துக் கடையில் வாங்குவது கடைச்சரக்கு. இனிப்புக் கடையில் அடுப்படியின் தலைவர் சரக்கு மாஸ்டர். யாழ்ப்பாணத்தில் சீரகமும் மிளகும் மல்லியும் சேர்த்து இடித்தது சரக்குத் தூள். பிள்ளை பெற்ற பெண்ணுக்குச் சரக்கு அரைத்துக் கறி வைப்பார்கள். மலையாளத்தில் கோயில் விருந்துக்குப் பாயசம் காய்ச்சும் பெரிய வெண்கலப் பாத்திரத்துக்கும் சரக்கு என்று பெயருண்டு.

கொங்கு நாட்டில் நடந்ததுதான் எனக்கு எல்லாவற்றிலும் அழகாகப் படுகிறது. யாழ்ப்பாணத்தார் சமையலறையிலும் சரக்கு என்று சொல்வதை, கோவை, ஈரோட்டுப் பக்கம் 'செலவு' என்பார்கள். சந்தைக்குப் போய்ச் செலவு வாங்கி வருவார்கள். மல்லியும் மிளகும் சீரகமும் அரைத்து வைப்பது செலவு ரசம். கடைக்காரர் அலமாரியில் இருந்தவரை அது சரக்கு. வாங்கிய வீட்டில் அது செலவு. சரக்கிருப்பு எப்போது செலவாகிறது என்று கணக்கியல் மாணவர்களுக்கு ஒரு வாரம் விளக்குகிறார்கள்: இருக்கும்வரை சொத்துப் பக்கம், விற்றாலோ பயன்படுத்தினாலோ செலவுப் பக்கம். கொங்குச் சமையலறைகள் இந்தக் கோட்டை ஒரே சொல்லால் போட்டு வைத்திருக்கின்றன. தமிழில் கணக்கியல் சொல்லிக்கொடுக்க வளமில்லை என்பவர்கள் பொள்ளாச்சிச் சந்தையில் ஒரு நாள் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

சொல் எல்லா இடத்திலும் நீளாது என்பதையும் அதே சந்தை காட்டுகிறது. பொள்ளாச்சி மாட்டுச் சந்தை செவ்வாயும் வியாழனும் கூடும். அங்கே வாங்கிய மாடுகள் கோவிந்தாபுரம் வழியாகவும் கேரளத்துக்குள் போகின்றன. கால்நடைச் சோதனைச் சாவடியில் அவற்றைப் பார்த்து அனுப்புவார்கள். சட்டப்படி மாடும் அசையும் உடைமை, ஆகவே சரக்கு. ஆனால் மாட்டு வியாபாரி 'இத்தனை உருப்படி' என்றுதான் எண்ணுவார். உயிருள்ளதைச் சரக்கு என்று சொல்ல நாக்கு மறுக்கிறது. அந்த மறுப்பு சரியானது என்று நினைக்கிறேன். மலையாளத்தில் பெண்ணைக் குறித்து இதே சொல்லைச் சில ஆண்கள் பயன்படுத்துவதை இதனோடு வைத்துப் பார்த்தால் அந்த வழக்கின் கேவலம் இன்னும் தெளிவாகும். மாட்டுக்குத் தருகிற மரியாதையைக்கூட மனுஷிக்குத் தராத பேச்சு அது.

கோவிந்தாபுரத்தில் சரக்குக்கு எல்லை வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரிட்டிஷ் இந்தியாவும் திருவிதாங்கூரும் கொச்சியும் 1865இல் செய்துகொண்ட உடன்படிக்கை, அவற்றுக்கிடையே தரைவழிச் சுங்கத்தை நீக்கியது. அதன்பின் மலபாரும் கோவையும் ஒரே சென்னை மாகாணத்தின் இரண்டு மாவட்டங்களாகவே நீடித்தன. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் பிறந்தபோது மாவட்ட எல்லை மாநில எல்லையானது. ஆளுக்கொரு விற்பனை வரி, ஆளுக்கொரு படிவம், நடுவில் சோதனைச் சாவடி. லாரிகள் வரிசையில் நின்ற நேரம் முழுவதும் பெட்டிக்குள் பழம் பழுத்துக்கொண்டிருந்தது. காலத்தோடு போட்டி போடும் சரக்குக்குக் காத்திருப்பே பெரிய வரி. அடக்க விலையா சந்தை விலையா, எது குறைவோ அதையே இருப்பின் மதிப்பாக எழுது என்று கணக்கியல் கண்டிப்பாகச் சொல்வது இத்தகைய சரக்குக்காகவே விதித்தது போலிருக்கும். மாலையில் அழுகத் தொடங்கிய பெட்டிக்குக் காலையில் கொடுத்த விலை ஆறுதல் ஆகாது.

2017 ஜூலை 1 அன்று புதிய வரி வந்தது. வணிகவரிச் சாவடிகள் வேலை இழந்தன. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் என்ற மின்வழிச் சீட்டு கட்டாயமானது. பொள்ளாச்சியிலிருந்து தென்னை நார்க் கயிறு ஏற்றிப் போகும் லாரிக்கு அது வேண்டும். பச்சை மாங்காய்க்கு வேண்டாம், ஏனென்றால் பதப்படுத்தாத பழங்களுக்கு வரி இல்லை. அதே மாம்பழத்தைக் கூழாக்கி டப்பாவில் அடைத்தால் வரியும் வந்துவிடும், சீட்டும் வந்துவிடும்.

அந்த வரிக்குத் தமிழில் 'சரக்கு மற்றும் சேவை வரி' என்று பெயர் வைத்தார்கள். மலையாளமும் கன்னடமும் தங்கள் வடிவில் இதே சொல்லை எடுத்துக்கொண்டன. தெலுங்கு மட்டும் 'வஸ்து' பக்கம் போனது. சிங்கப்பூரில் 1994 முதல் உள்ள இதே வகை வரியைத் தமிழில் 'பொருள், சேவை வரி' என்கிறார்கள். அது இன்னும் மரியாதையான தமிழ் என்று சிலருக்குத் தோன்றலாம். நான் அப்படி நினைக்கவில்லை. தமிழில் பொருள் என்றால் செல்வம், பணமும் அதில் அடக்கம். திருக்குறளின் பொருட்பாலை நினைத்துக்கொள்ளுங்கள். நம் வரிச் சட்டமோ பணத்தையும் பங்குப் பத்திரத்தையும் வரையறையிலிருந்து வெளிப்படையாக விலக்குகிறது. பணத்தை விலக்கி, விற்பனைக்குள்ளதை மட்டும் பிடிக்கிற சொல் தமிழில் ஒன்றுதான். அதைத் தேர்ந்தவர்கள் சரியாகத் தேர்ந்தார்கள்.

சாராயத்துக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதால்தான் தயக்கம். மறைவாக விற்ற காலத்தில் பெயர் சொல்லாமல் 'சரக்கு' என்று சொன்னார்கள். கடை திறந்து விற்கிற காலத்திலும் பெயர் போகவில்லை. அப்பர் நெஞ்சுக்குச் சொன்ன சொல்லை, கொங்குக் கடைக்காரர் மிளகுக்குச் சொன்ன சொல்லை, ஒரு பாட்டிலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிப் போக எனக்கு மனமில்லை.

வணிகவியல் ஆசிரியர்களிடம், குறிப்பாகச் சித்தூர், பொள்ளாச்சிப் பக்கத்துப் பள்ளிகளில் தமிழில் பாடம் எடுப்பவர்களிடம், ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 'ஸ்டாக்', 'கூட்ஸ்' என்று கரும்பலகையில் எழுதாதீர்கள். சரக்கு என்றே எழுதுங்கள். வகுப்பில் யாராவது சிரித்தால், பிப்ரவரியில் ஒரு நாள் அந்தப் பிள்ளைகளை முதலமடைப் பெட்டிக் கொட்டகைக்கு அழைத்துப் போய், கொள்முதலும் உள்தூக்குக்கூலியும் இறுதிச் சரக்கிருப்பும் எங்கே இருக்கின்றன என்று அங்கேயே காட்டுங்கள்.